கச்சான் காற்றில் கிளைடர்: இறக்கை பற்றிய கேள்வி-பதில்

கச்சான் காற்று அடிக்கும்போது, ரிமோட்டில் பறக்கவிடும் என் 2 மீட்டர் கிளைடர் லேசில் திரும்புவதில்லை. எய்லரானை (இறக்கையின் பின்விளிம்பில் மேலும் கீழும் அசையும் பட்டை) அகலமாக்கலாமா? – மண்டபம் வாசகர்

இப்போதைக்கு வெட்டாதீர்கள். ட்ரான்ஸ்மிட்டரையும் கிளைடருக்குள் இருக்கும் ரிசீவரையும் ஆன் செய்துவிட்டு எய்லரானை விரலால் மெல்ல ஆட்டிப் பாருங்கள். சர்வோ (எய்லரானைக் கம்பியால் அசைக்கும் சின்ன மோட்டார்) கை அசையாமல் எய்லரான் மட்டும் ஆடினால், கம்பி நுழையும் ஓட்டை தேய்ந்திருக்கிறது. முதலில் அதைச் சரிசெய்யுங்கள். எய்லரான், இறக்கையின் அகலத்தில் நாலில் ஒரு பங்கு இருந்தாலே தாராளம். அதற்கு மேல் போனால் சர்வோவுக்குத்தான் பாரம்.

அப்புறம், வலப்பக்கம் திருப்பும்போது மூக்கு முதலில் இடப்பக்கம் போகிறதா? கீழே இறங்கும் எய்லரான் அந்தப் பக்க இறக்கையைப் பின்னுக்கு இழுப்பதால் வருவது அது. மேலே 20 டிகிரி ஏறினால் கீழே 10 டிகிரி மட்டும் இறங்கும்படி வையுங்கள். ரட்டரும் (வாலில் இடவலமாக அசையும் பட்டை) எய்லரானோடு கொஞ்சம் சேர்ந்து அசையும்படி ட்ரான்ஸ்மிட்டரில் கலந்துவிடுங்கள். பெரும்பாலும் இதிலேயே வழிக்கு வந்துவிடும்.

சின்னத் திடலில் இறக்குகிறேன். கிளைடர் மிதந்துகொண்டே போய்க் கருவேலங்காட்டுக்குள் விழுகிறது. ஃப்ளாப் (கீழே மடங்கி வேகத்தைக் குறைக்கும் இறக்கைப் பட்டை) வெட்டலாமா? – தொண்டி வாசகர்

தாராளமாக வெட்டுங்கள். சீமைக்கருவேல முள்ளுக்குப் பக்கத்தில் பறக்கவிடுகிற யாருக்கும் நான் முதலில் சொல்கிற மாற்றமே இதுதான். இறக்கை நெடுக ஒரே பட்டையாக எய்லரான் இருந்தால் அதை இரண்டாக்கி, உட்பகுதியை ஃப்ளாப்பாகவும் வெளிப்பகுதியை எய்லரானாகவும் வையுங்கள். இறக்கைக்கு மட்டும் 4 சர்வோ வேண்டும். ஃப்ளாப்பின் கீலை இறக்கையின் அடிப்பக்கத்தில் போட்டால்தான் தடையில்லாமல் நன்றாகக் கீழே மடங்கும்; எய்லரானுக்கு மேல்பக்கக் கீல் போதும்.

இறங்கும்போது ஃப்ளாப் 60 டிகிரி கீழே, எய்லரான் 15 டிகிரி மேலே. அப்போது பொதுவாக மூக்கு தூக்கும். அதனால் எலிவேட்டரைக் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பட்டை) கொஞ்சம் கீழே கலக்க வேண்டும். எவ்வளவு என்பதை நல்ல உயரத்தில் சோதித்து முடிவு செய்யுங்கள். தரை தொடுவதற்குச் சற்று முன் ஃப்ளாப்பை மேலே எடுத்துவிடுங்கள். மணலில் மோதினால் சர்வோவின் பல்சக்கரம் உடைந்துவிடும்.

வேகமாக இறக்கினால் இறக்கையில் 'விர்ர்' என்று சத்தம் கேட்கிறது. – கீழக்கரை வாசகர்

எய்லரான் படபடக்கிறது. சில நொடிகளில் இறக்கையே பிய்ந்துபோகலாம். சத்தம் கேட்டதும் மூக்கை மெல்ல உயர்த்தி வேகத்தைக் குறையுங்கள். சரிசெய்யாமல் மறுபடி ஏற்றவே ஏற்றாதீர்கள். வளையாத, குட்டையான கம்பி போடுங்கள். சர்வோ கையில் உள் ஓட்டை, ஹார்னில் (எய்லரானில் கம்பி மாட்டும் கொம்பு) வெளி ஓட்டை என்று மாற்றுங்கள். அசைவு குறையும், பிடிப்பு கூடும். எய்லரான் முறுக்கினால் வளைகிறதென்றால், கண்ணாடியிழைத் துணியை எப்பாக்ஸியில் ஒட்டி விறைப்பாக்குங்கள். கீல் இடைவெளியையும் டேப்பால் மூடிவிடுங்கள்.

தெர்மாகோல் இறக்கையில் ஹார்னை ஃபெவிக்விக்கால் ஒட்டலாமா? – பரமக்குடி மாணவர்

கூடாது தம்பி, தெர்மாகோல் கரைந்துபோகும். எப்பாக்ஸி பயன்படுத்து.

கடற்காற்றில் கம்பிகள் துருப்பிடிக்கின்றன. – தங்கச்சிமடம் வாசகர்

எஃகுக் கம்பிக்குப் பதில் கார்பன் குச்சியும் துருப்பிடிக்காத எஃகு முனையும் போடுங்கள். பறந்து முடிந்ததும் ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ரிசீவர் இணைப்புகளில் பச்சை பூத்திருந்தால் மாற்றிவிடுங்கள். அதில் சிக்கனம் வேண்டாம்.

உச்சிப்புளிப் பக்கம் பறக்கவிடலாமா? – ராமநாதபுரம் வாசகர்

அங்கே கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானதளம் இருக்கிறது. அந்தப் பக்கமே வேண்டாம். வேறு இடம் பார்த்தாலும் ட்ரோன்களுக்கான அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் அது எந்த மண்டலம் என்று பார்த்து, உள்ளூர்க் காவல் நிலையத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்.