கேளுங்க சொல்றோம்: சதுரங்கப் பலகையும் 20 இலக்க நம்பரும்

கேள்வி: அம்பலப்புழை பால் பாயசக் கதைல வர்ற மாதிரி செஸ் போர்டுல முதல் கட்டத்துக்கு 1 அரிசி, அடுத்ததுக்கு 2, அப்புறம் 4, 8ன்னு 64 கட்டமும் வச்சா மொத்தம் எவ்ளோன்னு என் பையன் எக்செல்ல போட்டுப் பார்த்தான். 18446744073709600000ன்னு காட்டுது. கடைசில அஞ்சு சைபர் இருக்கே, அப்போ இது 10ஆல வகுபடும்ங்கறான். சரிதானா?
- வாசகி, போடிநாயக்கனூர்

பதில்: பையன் மேல தப்பில்லம்மா. எக்செல் 15 இலக்கத்துக்கு மேல ஞாபகம் வச்சுக்காது, மிச்சத்துல சைபரைப் போட்டு ரொப்பிடும். நெஜ நம்பர் 18446744073709551615, அதாவது 1,84,467 கோடி கோடிக்குக் கொஞ்சம் மேல. இது 10ஆல வகுபட வாய்ப்பே இல்ல, ஏன்னா முதல் கட்டத்துல இருக்கற அந்த ஒத்த அரிசியைத் தவிர மத்த 63 கட்டத்துலயும் ரெட்டைப்படைதான், அப்போ மொத்தம் ஒத்தப்படையாத்தானே வரும்? 5ல முடியறதால 5ஆல போகும். இலக்கத்தையெல்லாம் கூட்டினா 87, அதனால 3ஆலயும் போகும், 9ஆல போகாது.

ஆனா விஷயமே இனிமேதான். பலகையைப் பேப்பர் மாதிரி பாதியா மடிங்க. கீழ்ப்பாதில ஒவ்வொரு கட்டமும் மேல்பாதில அதே இடத்துல இருக்கற கட்டத்தை விட சரியா 4294967296 மடங்கு. அப்போ மொத்தம் = மேல்பாதி × 4294967297. அந்த மேல்பாதியை மறுபடி மடிச்சா 65537, இன்னொரு தடவை மடிச்சா 257, ஒரு வரிசை மட்டும் மிஞ்சும், அதையும் மடிச்சுக்கிட்டே போனா 17, 5, கடைசில 1ம் 2ம் சேர்ந்து 3. இவ்ளோ பெரிய நம்பர் ஆறே மடிப்புல 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297ன்னு பிரிஞ்சு வந்துடுது, எனக்கு இது இன்னும் ஆச்சரியம்தான்.

இதுல முதல் அஞ்சும் பகா எண். இதே அச்சுல (ஒரு நம்பர்ல 1ஐக் கழிச்சு, வர்றதை அதாலயே பெருக்கி, திரும்ப 1ஐக் கூட்டினா அடுத்தது) வர்ற எல்லாமே பகா எண்தான்னு 1640 வாக்குல பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா நம்பினார், பாவம், அடுத்த நம்பர்லயே சறுக்கிட்டார். 4294967297 = 641 × 6700417ன்னு 1732ல சுவிஸ் கணித மேதை ஆய்லர் உடைச்சுக் காட்டிட்டார். கண்ணை மூடிட்டு எல்லாத்தாலயும் வகுத்துப் பார்க்க வேண்டியதில்ல, 64ஆல வகுத்தா மீதி 1 வர்ற பகா எண்தான் இதை வகுக்க முடியும்னு ஆய்லரே பின்னாடி நிரூபிச்சார். அப்படிப் பார்த்தா 193, 257, 449, 577 நாலும் போகாது, அஞ்சாவதா 641 மாட்டிக்கும். (இங்கயும் 64 வந்து நிக்குது பாருங்க!)

ஆக மொத்தம் ஏழு பகா எண், எதுவும் ரெண்டு தடவை வரல, அதனால 1ஐயும் அந்த நம்பரையும் சேர்த்து 128 காரணி. பையனை எக்செல்ல மூடிட்டு ரஃப் நோட்டுல 6700417ஐ 641ஆல பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்க, பத்து இலக்கம்தான் வரும்.