கோமாவில் படுக்க வைத்துவிட்டார்கள் என்றால் நீக்கிவிட்டார்கள் என்று அர்த்தமா?

டிவி தொடரில் இரண்டு வருடம் நடித்த பாத்திரத்துக்குத் திடீரென்று விபத்து, கோமா, பதினெட்டு நாளாக ஷூட்டிங் அழைப்பு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பதற்றம் எனக்கு நன்றாகப் புரிகிறது. நானும் ஒரு தொடரில் ஒரு மாதம் கட்டிலில் கண்மூடிக் கிடந்தவன்தான். லைட் முகத்தில் அடிக்கும்போது இமை துடிக்கும். மூடிய இமைக்குள் பார்வையைக் கீழே இறக்கி வைத்தால் துடிப்பு அடங்கும். திரும்பக் கூப்பிட்டால் உதவும்.

கதையை முடிக்க நினைத்தால் பாத்திரத்தைச் சாகடித்திருப்பார்கள். கோமா என்பது பெரும்பாலும் எழுத்தாளர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை என்பதற்கான அடையாளம். அதற்காக வீட்டில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். வேறு தொடரில் நடிக்கக் கூடாது என்ற விதி இருக்கிறதா? நாள் கணக்கில்தான் சம்பளமா, மாதத்துக்கு இத்தனை நாள் வேலை உறுதி என்று இருக்கிறதா? அப்புறம் தயாரிப்பு நிர்வாகியிடம் எழுத்திலேயே கேளுங்கள்: "அடுத்த மாதம் என் தேதிகள் வேண்டுமா, வேறு வேலை ஒப்புக்கொள்ளலாமா?" இயக்குநரிடம் மனத்தாங்கலாகப் பேசுவதைவிட இது நூறு மடங்கு மேல். பதில் வரும்வரை முடியை மட்டும் வெட்டிவிடாதீர்கள், கண்டினியூட்டி (காட்சிக்குக் காட்சி தோற்றம் மாறாமல் இருப்பது) கெட்டுவிடும்.

ஒரே வேடத்தில் நிலைப்பவர்களும் உண்டு. பிரிட்டனில் வில்லியம் ரோச் 1960-இல் தொடங்கிய 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' தொடரில் முதல் எபிசோடிலேயே கென் பார்லோவாக வந்தவர், அறுபது ஆண்டுகளைத் தாண்டியும் அதே வேடத்தில் நடித்தார். ஆனால் அது அபூர்வம். டப்பிங், மேடை நாடகம் என்று இன்னொரு வேலையை இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள். நிர்வாகி என்ன சொன்னார் என்று இங்கேயே எழுதுங்கள், சேர்ந்து யோசிக்கலாம்.