அமெரிக்க மாநிலங்களின் பிரீமிய வரி: கேள்வி பதில்

கே: போன வருடம் எங்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நஷ்டம். கலிபோர்னியாவுக்கு வரி கட்ட வேண்டுமா?

ப: ஆமாம். வரி லாபத்துக்கு இல்லை, மொத்த பிரீமியத்துக்கு. அங்கே பொது விகிதம் 2.35%. வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுத்த பிரீமியத்தைக் கழிக்கலாம். இழப்பீடு, கமிஷன் எதையும் கழிக்க முடியாது.

கே: எங்கள் ரிஸ்க்கில் ஒரு பகுதியை ஏற்க வேறு கம்பெனிக்கு, அதாவது மறுகாப்பீட்டுக்கு, கொடுத்ததை?

ப: பொதுவாக அதையும் முடியாது. பாலிசி எழுதியவர்தான் முழுத் தொகைக்கும் கட்டுவார். ரிட்டர்னை அனுப்புமுன் ஆண்டறிக்கையில் மாநிலவாரியாகப் பிரீமியத்தைக் காட்டும் ஷெட்யூல் டி-யோடு (T) ஒத்துப் பாருங்கள். தணிக்கையாளர் முதலில் பிரிப்பது அதைத்தான்.

கே: பதிலடி வரியை எப்படிக் கணக்கிடுவது?

ப: நம் கம்பெனியிடம் உங்கள் மாநிலம் அதிகம் வாங்கினால், உங்கள் கம்பெனியிடம் நாமும் அவ்வளவு வாங்குவோம் என்பதுதான் பதிலடி வரி. கலிபோர்னியா கம்பெனி ஒன்று டெக்ஸாஸில் 10,00,000 டாலருக்குச் சொத்துக் காப்பீடு விற்கிறது. டெக்ஸாஸ் விகிதம் 1.6%, ஆக 16,000. இதையே டெக்ஸாஸ் கம்பெனி கலிபோர்னியாவில் விற்றால் 23,500 கட்டும். வித்தியாசம் 7,500 டாலரை டெக்ஸாஸ் பதிலடியாகக் கேட்கும். லைசென்ஸ் கட்டணங்களும் ஒப்பீட்டில் வரும்; பலர் கோட்டை விடுவது அங்கேதான்.

கே: இது பாரபட்சம்தானே? அலபாமா வெளிமாநிலக் கம்பெனிகளிடம் கூடுதலாக வாங்கியதை 1985-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றதே?

ப: மெட்ரோபாலிட்டன் லைஃப் வழக்கு. அலபாமா உள்ளூர்க் கம்பெனிக்கு 1%, வெளிக் கம்பெனியின் ஆயுள் காப்பீட்டுக்கு 3% என்று வைத்திருந்தது. உள்ளூர்த் தொழிலை வளர்க்கிறோம் என்ற காரணம் எடுபடவில்லை. பதிலடி வரியையோ 1981-இலேயே, வெஸ்டர்ன் அண்ட் சதர்ன் வழக்கில், அதே நீதிமன்றம் ஏற்றுவிட்டது. பிற மாநிலங்கள் நம் கம்பெனிகள் மேல் வரியை ஏற்றாமல் தடுப்பது நியாயமான நோக்கம் என்றது.

கே: இரண்டிலும் வெளியூர்க்காரன்தானே கூடுதலாகக் கட்டுகிறான்?

ப: அந்தக் கூடுதலை யார் தீர்மானிக்கிறார் என்று பாருங்கள். பதிலடியில், கம்பெனியின் சொந்த மாநிலம் விகிதத்தைக் குறைத்தால் கூடுதல் மறைந்துவிடும். அலபாமாவிலோ, அங்கே முதலீடு செய்தால் கொஞ்சம் குறையுமே தவிர உள்ளூர் விகிதத்துக்கு இறங்காது. இன்சூரன்ஸை மாநிலங்களின் பொறுப்பில் விட்ட 1945-இன் மெக்கரன் சட்டத்தையும் இழுக்காதீர்கள். அது, மாநிலங்களுக்கிடையேயான வணிகத்தைத் தடுக்கக் கூடாது என்ற அரசியலமைப்பின் வணிகப் பிரிவுத் தடையை நீக்கியது. சட்டம் எல்லோரையும் சமமாக நடத்த வேண்டும் என்ற சமப் பாதுகாப்பு விதியை நீக்கவில்லை. அலபாமா தோற்றது அந்த விதியில்தான்.

கே: லாபமே இல்லையென்றாலும் வரியா?

ப: முதல் பதிலைப் படியுங்கள்.

கே: ஆறு மாநிலங்களில் கட்டடங்கள், ஒரே சர்ப்ளஸ் லைன் பாலிசி (மாநில லைசென்ஸ் இல்லாத கம்பெனியிடம் எடுத்தது). ஆறுக்கும் கட்டணுமா?

ப: வேண்டாம். 2011 ஜூலை 21 முதல் பாலிசிதாரரின் சொந்த மாநிலம் மட்டுமே கேட்கலாம். பெரும்பாலும் புரோக்கர்தான் வசூலித்துக் கட்டுவார்.

கே: என் கார் க்ளெய்மை நிராகரித்துவிட்டார்கள்...

ப: உங்கள் மாநில இன்சூரன்ஸ் துறையில் புகார் கொடுங்கள். இங்கே வரி மட்டும்.

கே: மெடிக்கேர் அட்வான்டேஜ் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டைத் தனியார் கம்பெனி வழியே தரும் திட்டம்) பிரீமியத்துக்கு?

ப: மாநிலங்கள் வரி போடக் கூட்டரசுச் சட்டத்தில் தடை உண்டு. மருத்துவக் காப்பீட்டு ஷெட்யூல் டி-யில் அதற்குத் தனிப் பத்தி உண்டு. பார்க்காமல் மொத்தத்தை அப்படியே ரிட்டர்னில் ஏற்றினால், கேட்காத வரியைக் கட்டுவீர்கள்.