தோட்டத்துக்கு மழைநீர் சேமித்தால் பணம் மிச்சமாகுமா?

மிச்சமாகும், ஆனால் எவ்வளவு என்பது தொட்டிக்கு நீங்கள் செய்யும் செலவைப் பொறுத்தது.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். 50 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. பெய்தாலே 500 லிட்டர். சிந்தியது, ஆவியானது போக 400 தேறும். அதாவது 200 லிட்டர் டிரம் ஒரே மழையில் நிரம்பி வழிந்துவிடும். எனவே எவ்வளவு மழை பெய்கிறது என்பதைவிட, டிரம்மை வருடத்துக்கு எத்தனை முறை காலி செய்து நிரப்புகிறீர்கள் என்பதே முக்கியம். 20 முறை என்றால் 4,000 லிட்டர், அதாவது 4 கிலோலிட்டர். உங்கள் குடிநீர்க் கட்டணத்தில் ஒரு கிலோலிட்டருக்கு என்ன விலை என்று பார்த்து, நான்கால் பெருக்குங்கள். குழாய்த் தண்ணீர் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் வரும் தொகையைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். லாரித் தண்ணீர் வாங்குபவருக்குக் கதையே வேறு.

பெரிய தொட்டி, மோட்டார் என்று இறங்கினால் போட்ட காசு திரும்ப வருடக்கணக்கில் ஆகும். பழைய டிரம், அடியில் ஒரு குழாய், மேலே கொசுவலை: என் ஓட்டு இதற்குத்தான். செங்கல் மேடையில் வையுங்கள். நிரம்பினால் 200 கிலோ கனக்கும், பூவாளி அடியில் நுழைய உயரமும் வேண்டும். கூரைத் தூசியோடு வரும் முதல் மழையைப் பிடிக்காதீர்கள்.

இன்னொன்று: மழைநீரில் உப்பு மிகக் குறைவு. போர்த் தண்ணீர் ஊற்றி வெள்ளை பூத்த பூந்தொட்டி மண்ணுக்கு இது மருந்து மாதிரி.