புகை வராத ஃபயர் பிட்: வீசிங் உள்ள மாமியாரும் ஆஸ்துமா பையனும் இருக்கும் வீட்டுக்கு ஆகுமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் பிளசன்டனில் இருக்கிறோம். பின்பக்கம் சின்னத் தோட்டம் உண்டு. புகையே வராத ஸ்டீல் ஃபயர் பிட் (தோட்டத்தில் வைத்து விறகு எரிக்கும் தொட்டி) ஒன்று வாங்கியே தீருவேன் என்று கணவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். மாமியார் ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கிறார். 68 வயது, சிகரெட் பக்கமே போகாதவர், ஆனால் சி.ஓ.பி.டி (மூச்சுக்குழாய் சுருங்கி நாள்பட மூச்சுத் திணறும் நோய்) என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். பையனுக்கு 8 வயது, ஆஸ்துமா. புகைதான் வராதே, அப்புறம் என்ன பயம் என்கிறார் கணவர். வாங்கலாமா டாக்டர்?

பதில்: விறகு எரிக்கும் ஃபயர் பிட் உங்கள் வீட்டுக்கு வேண்டாம். மாமியார் ஊருக்குத் திரும்பும் வரையாவது வேண்டாம். நெருப்பு இருந்தே ஆக வேண்டும் என்று கணவர் சொன்னால் புரொப்பேன் வாயுவில் எரிவதை வாங்கச் சொல்லுங்கள். இதோடு முடித்துக்கொள்ளலாம், ஆனால் காரணம் இல்லாமல் டாக்டர் வேண்டாம் என்றார் என்று மட்டும் போய்ச் சொன்னால் வீட்டில் சண்டைதான் மிஞ்சும், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கணவர் பக்கத்து நியாயம். இது ஏமாற்று வேலை இல்லை. (2023 நவம்பரில் ராப் பாடகர் ஸ்னூப் டாக் புகையை விட்டுவிடப் போகிறேன் என்று அறிவித்து ஊரே வாயைப் பிளந்த பிறகு, அது ஒரு ஃபயர் பிட் கம்பெனியின் விளம்பரம் என்று தெரியவந்ததே, அந்த வகைதான் இது.) இரட்டைச் சுவர் வைத்த ஸ்டீல் உருளை. அடியில் இருக்கும் துளைகள் வழியாகக் காற்று உள்ளே போகும், அதில் ஒரு பகுதி இரண்டு சுவர்களுக்கும் நடுவே ஏறிச் சூடாகி, வாய்ப்பக்கம் உள்ள சின்னத் துளைகள் வழியாக நெருப்பின் மேல் பாயும். விறகுப் புகை பாதி எரியாமல் தப்பி வந்த எரிபொருள்தான். மெழுகுவத்தியை ஊதி அணைத்தவுடன் கிளம்பும் வெள்ளைப் புகையில் தீக்குச்சியைக் காட்டிப் பாருங்கள், தீ அந்தப் புகை வழியாகவே இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். ஃபயர் பிட்டிலும் சூடான காற்று பட்டதும் புகை இன்னொரு தடவை எரிகிறது. நன்றாகப் பற்றிக்கொண்ட பிறகு பார்த்தால் மேல் துளை ஒவ்வொன்றிலிருந்தும் குட்டித் தீ நாக்கு நீட்டும், கண் எரியாது, துணியில் வாடை அவ்வளவாக ஏறாது. கல் அடுக்கி எரிக்கும் சாதாரணக் குழி நெருப்புக்கு இது எவ்வளவோ தேவலை.

அந்த நிலைக்கு வந்து சேரும் வரைதான் வம்பு. பற்றவைத்த முதல் பத்துப் பதினைந்து நிமிடம் ஸ்டீல் சூடாகியிருக்காது, அப்போது இதுவும் மற்ற நெருப்பைப் போலத்தான் புகையும். ஒவ்வொரு கட்டை போடும்போதும் கொஞ்சம் புகையும். விறகு ஈரமாக இருந்தால் புகை நிற்கவே நிற்காது. கட்டைகளை மேல் துளைகளுக்கு மேலே அடுக்கிவிட்டால் அந்தச் சூடான காற்றுக்கு வேலையே இல்லை. கடைசியில் கங்காகி அணையும் நேரத்திலும் அப்படித்தான். இதில் இன்னொரு விஷயம், இந்த உருளைகள் வெப்பத்தைப் பக்கவாட்டில் விடுவதைவிட மேலே அதிகம் விடும். சூடு போதாமல் எல்லோரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கிட்டத்தில் உட்கார்வார்கள். புகை குறைந்த நெருப்பை நெருங்கி உட்கார்ந்து சுவாசித்தால் லாபம் எங்கே?

கண்ணுக்குப் புகை தெரியாத நேரத்திலும் எதுவுமே வரவில்லை என்று நினைக்க வேண்டாம். நுரையீரலுக்கு ஆகாதது பி.எம் 2.5 என்கிற 2.5 மைக்ரானுக்குக் குறைவான துகள். அது மூக்கிலும் தொண்டையிலும் வடிகட்டப்படாமல் காற்றுப் பைகள் வரை போய் இறங்கும். 24 மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது, விறகு நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அந்த அளவைத் தாண்டுவது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. கூடவே கார்பன் மோனாக்சைடு, ஃபார்மால்டிஹைடு, பென்சீன் என்கிற நச்சு வாயுக்களும் வரும். அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் முகமை வீட்டுக்குள் வைக்கும் விறகு அடுப்புகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிறது, அந்தச் சான்றிதழ் ஃபயர் பிட்டுக்குக் கிடையாது. பெட்டி மேல் போட்டிருப்பது கம்பெனி சொல்வது, அவ்வளவுதான்.

சரி, மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். சிகரெட் தொடாத அம்மாவுக்கு சி.ஓ.பி.டி எப்படி வந்தது என்று யாராவது அவரிடம் உட்கார்ந்து கேட்டீர்களா? எத்தனை வருஷம் விறகடுப்பில் சமைத்தார், ஊதுகுழலை வைத்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வர எத்தனை அடுப்பு ஊதினார் என்று கேளுங்கள். எரு, சுள்ளி, தென்னை மட்டை என்று கிடைத்ததை எரித்துச் சமைத்த நம் ஊர்ப் பெண்களுக்கு இந்த நோய் வருவது மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். உங்களுக்குப் பக்கத்திலேயே பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்த ஆய்வாளர் கிர்க் ஸ்மித், 2020-இல் காலமானார், இந்திய கிராமத்து அடுப்படிகளில் புகையை அளக்கவே வாழ்நாளின் பெரும் பகுதியைச் செலவிட்டவர். அந்தப் புகையில் அடிபட்ட நுரையீரலோடுதான் உங்கள் மாமியார் விமானம் ஏறி வந்திருக்கிறார். நமக்கு இருமலோடு போவது அவருக்கு நாலு நாள் மூச்சுத் திணறலாக மாறலாம்.

பணமும் ஒரு விஷயம்தான். விசிட்டர் இன்ஷூரன்ஸ் பலவற்றில் ஏற்கெனவே இருந்த நோய்க்கு முழுக் காப்பீடு கிடையாது. பாலிசியை எடுத்து அந்தப் பத்தியை இன்றே படித்துவிடுங்கள். ஊரில் கொடுத்த இன்ஹேலரில் சால்பியூட்டமால் என்று இருந்தால், இங்கே அல்பியூட்டரால் என்று எழுதுவது அதே மருந்துதான், வேறென்று நினைத்து இரண்டையும் சேர்த்து அடிக்க வேண்டாம்.

பையனுக்கு ஆஸ்துமா மட்டும் கவலை இல்லை. குழந்தைகள் எடைக்குத் தகுந்தபடி பார்த்தால் நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள், அதுவும் ஓடி விளையாடும்போது. அதைவிட எனக்குப் பயம் சூடு. ஸ்டீல் விளிம்பு சிவந்து காட்டாது, பார்க்கச் சாதாரணமாக இருக்கும், கை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். அணைந்த மாதிரி தெரியும் சாம்பலுக்குள் மறுநாள் காலை வரை கங்கு இருக்கும். மாமியார் நைலக்ஸ் புடவை கட்டுபவரா? தீப்பிடிக்க அந்த முந்தானை ஒன்று போதும். சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், வளையல் மோதிரத்தை வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். பற்பசை, மாவு, மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம், தயவுசெய்து.

நீங்கள் இருக்கும் இடமும் சாதகமாக இல்லை. காற்றே அசையாத குளிர்கால ராத்திரியில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் மூடி போட்டது போலத் தங்கிவிடும், விட்ட புகை தெருவிலேயே நிற்கும். அதனால்தான் பே ஏரியாவில் (சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள உங்கள் பகுதியில்) ஸ்பேர் தி ஏர் என்கிற காற்று மாசு எச்சரிக்கை விடும் நாட்களில் வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் விறகு எரிப்பது சட்டப்படி தடை. புகை வராத மாடலுக்கும் அதேதான். போகி ஜனவரி நடுவில் வருகிறது, சரியாக அந்த சீசனில். பழைய பாய், பிளாஸ்டிக், டெலிவரி அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் அதில் போட்டுக் கொளுத்தும் யோசனை யாருக்காவது இருந்தால் இப்போதே தடுத்துவிடுங்கள். 2004-க்கு முன்பு போட்ட பழைய டெக் (வீட்டை ஒட்டிய மரத்தளம்) பலகையில் ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றியிருப்பார்கள், அதை எரிக்கவே கூடாது. தோட்டத்தில் வெட்டிய, தொட்டாலே தோல் தடித்து அரிக்கும் பாய்சன் ஓக் கொடியும் அப்படித்தான், அதன் புகை நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான்.

இவ்வளவு சொன்னாலும் வெளியே உட்காரும் யோசனையை நான் தடுக்கவில்லை. பெற்றோர் இங்கே வந்து பகல் முழுக்க நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு, பேச ஆளில்லாமல் டிவி முன்னால் வாடிப்போவதை நிறையப் பார்க்கிறேன். சாயங்காலம் குடும்பத்தோடு திறந்த வெளியில் உட்கார்ந்து பேசுவது அவருக்கு நல்ல மருந்து, அதைக் கெடுக்காதீர்கள். புரொப்பேனில் துகள் மிகக் குறைவு, சாம்பல் இல்லை, குமிழைத் திருப்பினால் அணைந்துவிடும், எச்சரிக்கை நாளிலும் தடை இல்லை. விறகு வெடிக்கும் சத்தம் வராது என்று கணவர் குறைப்படுவார், பரவாயில்லை. கார்பன் மோனாக்சைடு இதிலும் உண்டு, அதனால் மழை வந்தது என்று கராஜுக்குள் இழுத்துக்கொண்டு போகக் கூடாது. மேஜைமேல் வைத்து ஆல்கஹால் ஊற்றி எரிக்கும் குட்டி வகை மட்டும் வேண்டவே வேண்டாம். தீ தெரியாமல் எரிந்துகொண்டிருக்கும்போது மேலே ஊற்றினால் பாட்டிலோடு பீறிட்டு அடிக்கும். 2019-லிருந்து 2 மரணம், குறைந்தது 60 பேருக்குக் காயம் என்று சொல்லி, இவற்றை உடனே நிறுத்தும்படி அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2024 டிசம்பரில் எச்சரித்தது.

ஒருவேளை நீங்கள் இதைப் படிப்பதற்குள் பெட்டி வீட்டு வாசலில் வந்து இறங்கியிருந்தால்: விறகின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குள் இருக்கட்டும், அளக்கும் கருவி ஹார்ட்வேர் கடையில் மலிவாகவே கிடைக்கும். மெல்லிய சுள்ளியை மேலே வைத்து மேலிருந்து பற்றவையுங்கள். கட்டை துளைகளுக்குக் கீழேயே நிற்கட்டும். மாமியாரும் பையனும் மேல் துளைகளில் தீ வந்த பிறகு வெளியே வரட்டும், காற்று வரும் பக்கம் தள்ளி உட்காரட்டும், அணைக்கும் முன் உள்ளே போய்விடட்டும். வீட்டின் ஸ்லைடிங் கதவு, ஜன்னல் எல்லாம் மூடியிருக்க வேண்டும், இல்லையென்றால் துகள் படுக்கையறை வரை வரும். ஏர்நவ் இணையதளத்தில் காற்றுத் தரக் குறியீடு 100-ஐத் தாண்டியிருந்தால் அன்றைக்குப் பற்றவைக்காதீர்கள். அப்புறம், வெள்ளிக்கிழமை வீட்டுக்குள் கதவை மூடிக்கொண்டு போடும் சாம்பிராணியும், சிம்னி விசிறி போடாமல் தாளிப்பதும் இந்த இரண்டு பேருக்கும் ஆகாது. ஃபயர் பிட் வாங்காவிட்டாலும் அதை நிறுத்தலாம்.

பையன் மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுத்தாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறினாலோ, யாருக்காவது உதடு நீலம் பாரித்தாலோ, இன்ஹேலர் அடித்தும் குறையவில்லை என்றாலோ 911 கூப்பிடுங்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் நல்ல எண் காட்டுகிறது என்று காத்திருக்காதீர்கள், கறுத்த தோலில் அது சில நேரம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். மாமியாருக்கு மறுநாள் சளி அதிகமாகி நிறம் மாறினால் அன்றே மருத்துவரைப் பாருங்கள், வார இறுதி முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.