வளையம் ஏன் வாய் திறக்கிறது?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "கண்ணாடி மணியில் தொங்கல் கம்மல் செய்து தெரிந்தவர்களுக்கு விற்கிறேன். கம்பியில் போடும் வளையம் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வருகிறது, மணிக்கு மேல் கோணலாக நிற்கிறது. பத்தே நாளில் வாய் திறந்து மணி விழுந்துவிட்டதென்று இரண்டு பேர் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். 24 கேஜ் கம்பி, வீட்டிலிருந்த நோஸ் பிளேயர். என் கைதான் சரியில்லையோ?"

கை நன்றாகத்தான் இருக்கிறது. அந்த பிளேயரை முதலில் டூல்ஸ் பெட்டியிலேயே திருப்பிப் போடுங்கள். அதன் தாடை தட்டை, பல்லும் இருக்கும். கம்பியில் தழும்புதான் விழும், வட்டம் வராது. உங்களுக்கு வேண்டியது ரவுண்ட் நோஸ் பிளேயர். அதன் தாடை இரண்டும் கூம்பு மாதிரி, நுனியில் மெல்லிசு, அடியில் தடிமன். ஒரு தடவை நுனியிலும் அடுத்த தடவை நடுவிலும் பிடித்துச் சுற்றினால் வளையம் எப்படி ஒரே அளவில் வரும்? தாடை சுமார் 2.5 மி.மீ. தடிமன் இருக்கிற இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டு எப்போதும் அங்கேயே பிடியுங்கள். பாதிப் பிரச்சினை அந்தக் கோட்டோடு தீர்ந்துவிடும்.

மீதி, கம்பியின் நீளம். மணியை ஒட்டியே கம்பியைச் செங்குத்தாக மடக்குங்கள், மடக்கின இடத்திலிருந்து 10 மி.மீ. விட்டு வெட்டுங்கள். (2.5 மி.மீ. தாடையோடு, கீழே நான் வாங்கச் சொல்லப்போகிற 0.8 மி.மீ. கம்பியைக் கூட்டி 3.14-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய அதுதான் வரும்.) அப்புறம் நுனியைக் கோட்டில் பிடித்து மணியின் தலைக்கு மேலாக எதிர்ப்பக்கம் உருட்டுங்கள், மணிக்கட்டு திரும்புகிற வரை பாதி, விட்டுப் பிடித்து மீதி. பிடிக்கும்போது கம்பி நுனி தாடைக்கு வெளியே துருத்தக் கூடாது, துருத்தினால் அந்தத் துண்டு நேராகவே நின்று வளையம் நீர்த்துளி மாதிரி ஆகிவிடும். கோணலாக நிற்கிறது என்றீர்களே, அது முதலில் செங்குத்தாக மடக்காமல் நேரே சுற்ற ஆரம்பித்ததால்.

சரி, வாய் ஏன் திறக்கிறது? 24 கேஜ் என்பது அரை மி.மீ. சொச்சம் தடிமன், வாலைச் சுற்றிக் கட்டாத வெறும் வளையத்துக்கு அது போதாது, தலைமுடியில் மாட்டி ஒரு இழு இழுத்தாலே விரியும். 0.8 மி.மீ. வாங்குங்கள். கடையில் கேஜ் சொல்லிக் கேட்காதீர்கள். அமெரிக்க அளவில் 20 கேஜ் 0.8 மி.மீ., பிரிட்டிஷ் அளவில் அதே 20 கேஜ் 0.9 மி.மீ., எதைத் தருகிறார்கள் என்று கடைக்காரருக்கே தெரியாது. இன்னொன்று, காதுக் கொக்கியை மாட்ட வளையத்தை இரண்டு பக்கமும் இழுத்து விரிக்கிறீர்களா? கதவைத் திறக்கிற மாதிரி ஒரு முனையை முன்னால் தள்ளித் திறக்க வேண்டும், அதே வழியில் மூட வேண்டும். வட்டம் கெடாது.

ஆனால் 0.8 கம்பி எல்லா மணியிலும் நுழையாது. கண்ணாடிக் குழாயை இழுத்து நறுக்கிச் செய்கிற மணியில் ஓட்டை ஒவ்வொன்றிலும் ஒரு அளவு (நம் அரிக்கமேட்டில் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் செய்ததும் இந்த வகைதான்), முத்தில் இன்னும் சிறிசு. அங்கெல்லாம் உங்கள் 24 கேஜையே வைத்துக்கொண்டு கட்டு வளையமாகப் போடுங்கள், கம்பியில் கட்டின ருத்ராட்ச மாலையில் பார்த்திருப்பீர்களே, அதுதான். மணிக்கு மேல் 2 மி.மீ. கழுத்து விட்டு மடக்கி, 4 செ.மீ. வால் வைத்து வளையம் சுற்றி, வாலைக் கழுத்தில் நெருக்கமாக மூன்று சுற்று சுற்றி, ஒட்ட வெட்டி, முனையை அமுக்கிவிடுங்கள். சுற்றுவதற்கு முன்பே கொக்கியை வளையத்துக்குள் போட்டுவிட வேண்டும். இத்தனை வருஷம் செய்தும் வாரத்துக்கு ஒருமுறை நான் இதை மறந்து வெட்டி எறிகிறேன்.

உங்கள் ஊர் உப்புக்காற்றில் பித்தளையும் தாமிரமும் சீக்கிரம் கறுக்கும், பச்சை பூக்கும். செய்து முடித்ததும் துணியால் துடைத்து ஜிப் கவரில் போட்டு வையுங்கள். திரும்பி வந்த இரண்டு ஜோடிக்கும் கட்டு வளையமே போட்டுக் கொடுத்துவிடுங்கள், காசு கேட்காமல்.