ட்யூப் கிட்டார் ஆம்ப்போட லீட் சேனலில் (கரகரப்பு கூடின சேனல்) கெயின் 8-ல இருக்கும்போது, பூஸ்ட் பெடலை (சிக்னலைக் கூட்டுற பெட்டி) அழுத்தினாலும் சோலோவுக்குச் சத்தம் ஏறலையா?

பூஸ்ட்டை கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவுல வைக்காம, ஆம்ப்போட பின்பக்க எஃபெக்ட்ஸ் லூப்ல (ப்ரீஆம்ப்புக்கும் பவர் ஆம்ப்புக்கும் நடுவுல பெடல் செருகுற சென்ட், ரிட்டர்ன் ஜாக்குகள்) வைங்க. சத்தம் ஏறும்.

கெயின், அதாவது ப்ரீஆம்ப்பை எவ்வளவு தள்ளணும்ங்கிற குமிழ், 8-ல இருக்கு. அதுலயே ப்ரீஆம்ப் ட்யூப் (கிட்டார் சிக்னலை முதல்ல பெருக்குற குழாய்) நிரம்பி வழியுது. அதுக்கு முன்னாடி இன்னும் 10 டெசிபல் தள்ளினா கரகரப்பும் இரைச்சலும்தான் கூடும். சந்தேகம்னா கெயினை 3-க்கு இறக்கிட்டு அதே பூஸ்ட்டை அழுத்துங்க. இப்ப சத்தம் ஏறினா காரணம் இதேதான்.

ட்யூப் ஸ்க்ரீமர்ங்கிற ஓவர்டிரைவ் பெடல் இருந்தா, அதை மட்டும் ஆம்ப்புக்கு முன்னாடியே விடுங்க. டிரைவ் 0, லெவல் முழுசு, டோன் நடுவுல. சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழ பேஸைக் குறைச்சு அனுப்பும். பாம் மியூட் (உள்ளங்கை ஓரத்தால கம்பியை அமுக்கி வாசிக்கிறது) கொழகொழன்னு இல்லாம 'டக் டக்'னு நிக்கும். அதுக்குத்தான் அது, சத்தத்துக்கு இல்ல.

மாஸ்டர் வால்யூம் ஏற்கெனவே உச்சத்துல இருந்தா லூப்லயும் பலன் கம்மி. ஸ்பீக்கரை ஓட்டுற பவர் ட்யூப்பே அமுங்கிடும்.

இன்னொண்ணு: லூப்ல எதுவும் செருகாதப்போ சத்தம் விட்டு விட்டு வந்தா, நம்ம புதுச்சேரி உப்புக்காத்துல ரிட்டர்ன் ஜாக்கோட தொடுமுனை களிம்பு பிடிச்சிருக்கலாம். சென்ட்டையும் ரிட்டர்னையும் சின்ன கேபிளால இணைச்சுப் பாருங்க. சரியானா, ஆம்ப்பை அணைச்சு, கரண்ட் பிளக்கைப் புடுங்கிட்டு, வெளியிலிருந்தே ரிட்டர்ன் ஜாக்குல கான்டாக்ட் க்ளீனர் அடிச்சு, அதுல கேபிளைப் பத்து தடவை செருகி எடுங்க. ஆம்ப்போட உள்பெட்டியான சேஸியைத் திறக்காதீங்க, அணைச்ச பிறகும் கெப்பாசிட்டர்ல நூத்துக்கணக்கான வோல்ட் நிக்கும்.